புகைப்புரைச் சுவரும் பூட் லோடரும்

கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன் என்றால் எங்கள் ஊரில் யாரும் மேற்கொண்டு ஒன்றும் கேட்பதில்லை. பூட் லோடர் பார்க்கிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால்தான் சிக்கல். தக்கலை பஸ் நிலையத்துக்குப் பின்னால் நான் சர்வீஸ் கடை வைத்திருந்த காலத்தில், மீன் கொண்டு வரும் அக்கா ஒருத்தி இதை விடாமல் கேட்டாள். கோயில்பிள்ளையைக் காட்டித்தான் அவளுக்குப் புரியவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்கு எல்லாரும் வருவதற்கு முன்னால் கோயில்பிள்ளை வந்து கதவைத் திறப்பார், விளக்கைப் போடுவார், மணியடிப்பார், அப்புறம் ஓரமாகப் போய் நின்றுகொள்வார். மெஷினுக்குக் கரண்ட் வந்த நொடியில் அதற்குத் தன் பெயர்கூடத் தெரியாது. டிஸ்க்கில் எங்கே என்ன இருக்கிறது என்று தேடி எடுத்து, பெரிய புரோகிராமை எழுப்பி உட்காரவைத்துவிட்டு ஒதுங்கிப் போகிற சின்னப் புரோகிராம்தான் பூட் லோடர். உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்து உபயோகிக்கலாம், திருத்தலாம், யாருக்கும் சம்பளம் கிடையாது என்றும் சொன்னேன்.

அக்கா கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "கோயில்பிள்ளைக்காவது கல்யாண வீட்டுல பிரியாணி கிட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பல வருஷம் ஆகியும் என் வேலையைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை.

நான் படித்தது காமர்ஸ். கல்யாணமாகித் தக்கலைக்கு வந்த பிறகு, கல்ஃபில் இருந்த வீட்டுக்காரர் ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்து வைத்துவிட்டு லீவு முடிந்து போய்விட்டார். அது ஒரு நாள் எழும்ப மாட்டேன் என்றது. பஸ்ஸில் ஏற்றி நாகர்கோவிலுக்குக் கொண்டுபோகச் சோம்பல்பட்டு நானே திருப்புளியை எடுத்தேன். அன்று பிரித்தவள்தான். பிரிப்பதும் கூட்டுவதுமாகப் போய், கடை வைத்து, பழைய மெஷின்களில் இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒன்றைப் போட்டுக்கொடுத்து, அது ஏன் எழும்புகிறது, ஏன் எழும்பவில்லை என்று அதன் உள்ளே எட்டிப் பார்த்து, கடைசியில் அதை எழுதுகிறவர்களின் மின்னஞ்சல் குழுவில் சேர்ந்தேன். என் ஆங்கிலம் அவர்கள் போட்டுக்கொண்ட சண்டைகளை வாசித்துக் கற்றுக்கொண்டதுதான்.

அந்த சிஸ்டத்தை நான் போட்டுக்கொடுத்தவர்களில் ஒருத்தி என் பள்ளித் தோழி. இரண்டு பேரும் கோட்டாறுக்காரிகள். அவள் கல்யாணமாகிக் குலசேகரத்துக்குப் போனாள். அவள் வீட்டுக்காரருக்குச் சொந்தமாகக் கொஞ்சம் ரப்பர் விளை உண்டு. காலையில் மரப்பட்டையை வெட்டிப் பால் எடுத்து, உறையவைத்துத் தகடாக ஷீட் அடித்து, வீட்டோடு ஒட்டிய புகைப்புரையில் தொங்கவிட்டுத் தீ மூட்டி உலர்த்துவார். தோழி வீட்டு முன்னறையில் ஐந்து பழைய மெஷின்களைப் போட்டு டைப்பிங் சென்டர் நடத்தினாள். பக்கத்துத் தோட்டங்களில் வேலை பார்ப்பவர்களின் பெண்பிள்ளைகள்தான் பெரும்பாலும் வந்தார்கள். மார்த்தாண்டத்துக்குப் பஸ் ஏறிப் போய்ப் படிக்க வீட்டில் விடமாட்டார்கள், இங்கே என்றால் விடுவார்கள்.

சிக்கல் தமிழ் டைப்பிங்கில் வந்தது. அவளிடம் இருந்த பழைய பதிப்பில் 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ஒரு வட்டம் என்று திரையில் சிதறிக் கிடக்கும். மார்த்தாண்டத்தில் புதிதாகத் திறந்த சென்டரில் எல்லாம் சரியாக வருகிறதாம். இரண்டு பிள்ளைகள் ஏற்கெனவே நின்றுவிட்டார்கள், மற்றவர்களும் யோசிக்கிறார்கள் என்றாள். வரப்போகும் புதுப் பதிப்பில் தமிழ் ஒழுங்காக வரும் என்று நானும் குழுவில் பார்த்திருந்தேன். ஆனால் அதே பதிப்பில் இன்னொன்றும் செய்யப்போகிறார்கள். அவளுடையதைப் போன்ற பழைய மெஷின்களுக்கு டிஸ்க்கை வாசிக்க ஒரு பழைய முறை உண்டு. பூட் லோடரில் அந்தப் பகுதியைக் கவனிக்க ஆளில்லை, அதனால் எடுத்துவிடுகிறோம் என்று அறிவித்திருந்தார்கள். எடுத்துவிட்டால் புதுப் பதிப்பு அவள் மெஷின்களில் எழும்பவே எழும்பாது.

தோழியிடம் இதைச் சொன்னேன். உடனே கேட்டாள்:

"ஏட்டி, அப்போ இந்த அஞ்சையும் பழைய இரும்புக்கடையில போட்டுட்டு, நான் ஷீட் அடிக்கப் போணுமா?"

"இரி, நான் கேட்டுப் பாக்கேன்" என்றேன்.

பூட் லோடருக்குப் பொறுப்பாக இருந்தவர் எங்கோ ஒரு குளிர் தேசத்துக்காரர். முகம் பார்த்ததில்லை. அதிகம் பேசமாட்டார், அவர் மின்னஞ்சலை வாசித்தால் தந்தி வந்த மாதிரி இருக்கும். நான் அந்தப் பழைய பகுதியைக் கவனித்துக்கொள்கிறேன் என்று எழுதினேன். சரி, ஆனால் இப்போது இருக்கிற கோலத்தில் அதை வைத்திருக்க முடியாது, ஒழுங்குபடுத்த வேண்டும், ஒவ்வொரு மாற்றமும் சின்னதாக இருக்க வேண்டும், பதிப்பு வெளிவருவதற்கு முன்னால் நிஜமான பழைய மெஷின்களில் ஓட்டிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் எடுத்துவிடுவேன் என்று பதில் வந்தது.

செய்கிற வேலை மாறக்கூடாது, செய்கிற விதத்தை மட்டும் ஒழுங்கு பண்ண வேண்டும். எங்கள் ஆட்கள் இதற்கு ரீஃபாக்டரிங் என்பார்கள். கேட்க எளிதாகத்தான் இருக்கும். அந்தப் புரோகிராம் வரிகளைத் திறந்து பார்த்தால் பல வருஷமாகப் பல பேர் வந்து தங்கிப்போன வீடு மாதிரி இருந்தது. ஒரே காரியத்தை மூன்று இடத்தில் எழுதிவைத்திருந்தார்கள். முதல் பகுதி டிஸ்க்கின் தலைமாட்டில் ஒரு துளி இடத்துக்குள் அடங்க வேண்டும், அதனால் கல்யாண நாளில் குலசேகரம் பஸ்ஸில் ஆளேற்றுகிற மாதிரி எழுத்தெழுத்தாக இடுக்கியிருந்தார்கள். நான் ஒரு மூட்டையை நகர்த்தினால் பின்வாசல் வழியாக ஒருத்தர் விழுந்துவிடுவார்.

டிஸ்க்கை வாசிக்கும் இடத்தில் இரண்டு சுற்றுகள் இருந்தன. வாசிக்கப் பார், முடியவில்லை என்றால் டிஸ்க்கைத் தட்டி எழுப்பி மறுபடி பார் என்பதுதான் இரண்டும். முதலாவது, பக்கத்தில் இருப்பதை வாசிக்க. சில தடவை முயன்றுவிட்டுக் கையை விரித்துவிடும். இரண்டாவது, டிஸ்க்கின் தூரத்து மூலையில் இருப்பதை வாசிக்க. ரொம்பப் பொறுமைசாலி, இடையிடையே சும்மா நின்று வேறு பார்க்கும். அதன் தலையில் யாரோ எப்போதோ ஒரே வார்த்தை எழுதியிருந்தார்கள்: 'தேவை'. யாருக்குத் தேவை, எதற்குத் தேவை, ஒன்றும் கிடையாது. குழுவில் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. இரண்டையும் ஒன்றாக்கி, சில தடவை மட்டும் முயல்கிற ஒரே சுற்றாகச் செய்தேன். இடம் மிச்சமானது. என் கடையில் இருந்த பழைய மெஷினில் கோளாறு இல்லாமல் ஓடியது. பொறுப்பாளர் 'நன்று' என்று எழுதினார். தந்தியில் 'நன்று' வருவது சின்னக் காரியமல்ல.

சோதனைப் பதிப்பை ஒரு சீடியில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பஸ் ஏறிக் குலசேகரம் போய்த் தோழியின் ஐந்து மெஷினிலும் ஏற்றினேன். ஐந்தும் எழும்பின. தினமும் காலையில் ஸ்விட்சைப் போட்டுப் பார்த்து எனக்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு வந்தேன்.

முதலில் சில நாள் அவள் குரலே ஆட்டமாக இருந்தது. "அஞ்சும் ஏந்திச்சு மக்கா." அப்புறம் ஒரு காலை, இரண்டு எழும்பவில்லை. மறுநாள் மூன்று. அதற்கு அடுத்த நாள் ஐந்தும் ஒழுங்காக எழும்பின. மறுபடி ஒரு நாள் ஒன்றுகூட எழும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பத் திரும்ப ஸ்விட்சைப் போட்டால் வந்துவிடும் என்றாள். என் கடை மெஷினோ ஒரு நாள்கூடத் தகராறு செய்யவில்லை. நான் புரோகிராமை மேலிருந்து கீழே, கீழேயிருந்து மேலே வாசித்தேன். பொறுப்பாளருக்கு எழுதினேன். சில நாள் ஓடும், சில நாள் ஓடாது என்றால் அது ஓடவில்லை என்றுதான் அர்த்தம், வெளியீடு நெருங்குகிறது, காரணம் தெரியவில்லையென்றால் பழைய முறையை எடுத்துவிட வேண்டியதுதான் என்று பதில் வந்தது. கோபத்தில் எழுதியதில்லை. அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

கடையைப் பூட்டிவிட்டுக் குலசேகரத்துக்குக் கிளம்பினேன். தென்மேற்கு மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் போய் நின்று ஸ்விட்சைப் போட்டேன். ஐந்தில் நான்கு எழும்பவில்லை. கண்ணெதிரே நடந்ததில் எனக்கு ஒருவகையில் நிம்மதிதான், இல்லாத நோயைத் தேடவில்லை என்றாவது தெரிந்தது. தோழிதான் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தாள். பால் விடாத கட்டன்காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மழையைத் திட்டினாள். மழை என்றால் மரம் வெட்ட முடியாது, வெட்டு இல்லையென்றால் ஷீட் இல்லை, வீட்டுக்காரர் வீட்டிலேயே கிடந்து உயிரை எடுக்கிறார், இதில் இந்த மெஷின்களும் சேர்ந்துகொண்டன என்று சொல்லிக்கொண்டே போனவள், அந்த வேகத்திலேயே சொன்னாள்:

"ராத்திரி செவுருல சூடே இல்லட்டி. அதான் இதுகளுக்கும் குளிரு பிடிச்சிருக்கும்."

"எந்தச் செவுரு?"

அவள் காப்பியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். நான் மறுபடி கேட்டேன்.

"நீ ஏசப்பிடாது. மழக்காலத்துல முன்னறையில ஈரம் இறங்குதுல்லா. அதனால ராத்திரி இதுகள எல்லாம் தூக்கிட்டுப் போய்ப் புகைப்புரைக்கு இந்தப் பக்கத்துச் செவுருல ஒட்டி வச்சிருவேன். செவுரு நல்ல இளஞ்சூடா இருக்கும். காலையில எடுத்துட்டு வந்து மாட்டுவேன். புகை படாது கேட்டியா, மணம் மட்டுந்தான்."

மெஷின்களைத் திறக்கும்போதெல்லாம் ஷீட் மணம் வந்தது எனக்கும் தெரியும். குலசேகரத்தில் எதைத் திறந்தால்தான் அந்த மணம் வராது என்று விட்டுவிட்டேன்.

"போன வியாழன் வெட்டு உண்டுமா?" என்று கேட்டேன். வியாழக்கிழமைதான் ஒன்றுகூட எழும்பாத நாள். அவளுக்கு நினைவில்லை, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். வீட்டுக்காரர், புதன் வியாழன் இரண்டு நாளும் மழை, புரையில் தீயே போடவில்லை, வெள்ளிக்கிழமை வெயில் முகம் காட்டியதால் வெட்டினேன் என்று உள்ளிருந்தே சொன்னார். அதற்கப்புறம் ஐந்தும் மறுபடி எழும்பிய காலை சனிக்கிழமை. காப்பியைக் கீழே வைத்துவிட்டேன்.

பழைய டிஸ்க்குகளுக்குள் ஒரு சின்னக் கை உண்டு. பக்கத்தில் இருப்பதை எட்டி எடுப்பதில் அதற்குக் கஷ்டமில்லை. தூரத்து மூலைக்குப் போவதென்றால் குளிரில் மடங்கிய கை மாதிரி தடுமாறும், சில தடவை தவறும், சூடு ஏறிய பிறகுதான் சரியாக எட்டும். அந்தப் பொறுமைசாலிச் சுற்று அதற்குத்தான். நான் அதன் பொறுமையைக் குறைத்துவிட்டேன். புகைப்புரை எரிந்த நாளெல்லாம் டிஸ்க்குகள் இளஞ்சூட்டில் தூங்கி எழுந்ததால் யாருக்கும் தெரியவில்லை. என் கடை மெஷினோ பகல் முழுக்க ஓடிக்கொண்டிருப்பது.

நினைப்பது மட்டும் போதாது, காட்ட வேண்டும். அன்று அங்கேயே தங்கிவிட்டேன். உலர்த்த ஒரு ஷீட்கூட இல்லாத புகைப்புரையில் உரித்துப்போட்ட தேங்காய்த் தொண்டு போட்டுத் தீ மூட்டச் சொன்னோம். தோழியின் வீட்டுக்காரர் மூட்டினார், ஆனால் சும்மா மூட்டவில்லை.

"கம்ப்யூட்டருக்கு வேது பிடிக்கவன் இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தான் இருப்பேன். வெளிய யாருட்டயும் சொல்லிராதிங்க, மகளப் பொண்ணு கேட்டு வரமாட்டானுவ."

மூன்றைச் சுவரோரம் வைத்தோம், இரண்டை முன்னறையிலேயே விட்டோம். காலையில் மூன்றும் எழும்பின, இரண்டும் எழும்பவில்லை. இடம் மாற்றி வைத்து அடுத்த நாளும் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன். அதுவும் அப்படியே வந்தது.

சுற்றை மறுபடி இரண்டாக்கவில்லை. ஒன்றாகவே வைத்து, எவ்வளவு பொறுக்க வேண்டும் என்பதைக் கூப்பிடுகிற இடமே சொல்லிவிடும்படி மாற்றினேன். பக்கத்துக்குப் போனால் கொஞ்சம், தூரத்துக்குப் போனால் நிறைய. இடமும் போதுமானதாக இருந்தது. அதன் தலையில் 'தேவை' என்றிருந்ததை எடுத்துவிட்டு, குளிர்ந்த பழைய டிஸ்க் தூரத்துப் பகுதியை முதலில் சில தடவை தவறவிடும், அதனால் காத்திருக்கிறோம், இளஞ்சூட்டில் வைத்த மெஷின்களில் இது தெரியாது, குளிரவைத்துத்தான் சோதிக்க வேண்டும் என்று எழுதினேன். கடிதத்தில் புகைப்புரைக் கதையையும் சேர்த்தேன்.

பொறுப்பாளரிடமிருந்து அன்றுதான் முதல்முறையாக ஒரு பத்தி நீளத்துக்குப் பதில் வந்தது. ரப்பரை ஏன் புகை போடுகிறீர்கள் என்று கேட்டிருந்தார். தன் வீட்டு விறகுக் கொட்டகையில் ஒரு பழைய மெஷின் கிடக்கிறது, ராத்திரிக் குளிரில் விட்டு அதைப் போட்டுப் பார்த்தேன், உங்கள் பழைய திருத்தத்தில் எழும்பவில்லை, இப்போதையதில் எழும்பியது என்றார். கடைசி வரியில் பழைய முறை இருக்கட்டும், அதைக் கவனிப்பவர் இடத்தில் உங்கள் பெயரைப் போட்டுவிட்டேன் என்று இருந்தது. ரப்பர் பற்றி அவருக்கு விளக்கம் எழுத எனக்கு அரை நாள் ஆனது. பூட் லோடரைப் பற்றி எழுதுவது அதைவிட எளிது.

புதுப் பதிப்பு வந்தபோதும் மழை விட்டபாடில்லை. வெட்டு இல்லை, தீயும் இல்லை. நான் சொன்னபடி தோழி மெஷின்களை வேண்டுமென்றே ஈர அறையிலேயே விட்டிருந்தாள். ஏற்றி முடித்து, அடுத்த நாள் காலையில் ஒவ்வொன்றாக ஸ்விட்சைப் போட்டோம். முதலாவது கிர் என்றது, நின்றது, மறுபடி கிர் என்றது. நான் சொல்ல வாயெடுப்பதற்குள் தோழி என் கையைப் பிடித்து, "சும்ம நில்லு, அது தேடுது" என்றாள். தேடிக் கண்டுபிடித்தது. ஐந்தும், ஒன்று கொஞ்சம் முந்தி, ஒன்று கொஞ்சம் பிந்தி.

அவள் 'கொய்யா' என்று அடித்துப் பார்த்தாள், பிறகு 'கோதையாறு', பிறகு தன் பெயர், பிறகு என் பெயர். எழுத்தெல்லாம் அதது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. திரையைப் பார்த்தபடியே போனை எடுத்து, நின்றுபோன பிள்ளைகளில் ஒருத்தியின் வீட்டுக்கு அடித்தாள். "மார்த்தாண்டத்துல பணம் கெட்டியாச்சா? இல்லையா? அப்போ திங்கக்கிழம இங்க வா மக்கா, வரும்போ மத்தவளயும் கூட்டிட்டு வா" என்றாள். நான் குடையைத் தேடிக்கொண்டிருந்தேன். மறுமுனையில் அந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்பது எனக்கும் கேட்டது.