ஜும்ஆ நேரத்து நீலம்

நான் இரசாயனம் படிச்ச ஆள். ஜின், பேய் எண்டு யாராச்சும் கதைச்சா எழும்பிப் போற ஆள். நீங்க இதை நம்பாட்டியும் பரவாயில்ல. ஆனா என்ட ஆய்வுக்குப் பொறுப்பா இருந்த எங்கட சேரை நினைச்சா எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வருது.

கல்பிட்டி ரோட்டுல ஒரு சின்ன ஆய்வுகூடத்துலதான் என்ட பட்டத்துக்கான வேலை. கந்தகம் உள்ள வளையச் சேர்மம் ஒண்டை, காத்தை உறிஞ்சி எடுத்த குழாய்க்குள்ள ஆவியாக்கி, அறுநூறு பாகை உலைக்குள்ளால விடுவோம். வளையம் உடையும். உடைஞ்ச துண்டு கண் மூடித் திறக்க முந்தி இன்னொண்டோட ஒட்டிரும், அதால திரவ நைதரசன் ஊத்தின கண்ணாடியில உறைய வெச்சிப் பிடிக்கணும். பிடிபட்டா நீலமா தெரியும். குளிர் போனா நீலமும் போயிரும். மூணு வருசமா எனக்கு அது பிடிபடவே இல்ல.

அண்டைக்கி வெள்ளிக்கிழமை. ஆம்புளைகள் ஜும்ஆ தொழுகைக்குப் போறதால அந்த நேரம் உலையை நிப்பாட்டுறது எங்கட வழக்கம். சேர்மத்தை வெச்சிட்டு, உலையைப் போட முந்தியே பள்ளியில பாங்கு சொல்லிச்சி, எல்லாரும் போனாங்க, நான் பிளக்கைக் கழட்டி, கதவைப் பூட்டி, நைதரசன் ஊத்தாமலே தில்லையடிக்கு வீட்ட போய் லுஹர் தொழுதிட்டு வந்தேன்.

திறந்தா கண்ணாடி முழுக்க நீலம். உலை குளிர்ந்து கிடக்கு. கண்ணாடியைத் தொட்டேன், புத்தளத்து வெயிலுக்கு இளஞ்சூடா இருந்திச்சி. நம்பினா நம்புங்க, பின்னேரம் அசர் தொழுகை வரைக்கும் அந்த நீலம் போகல்ல. எத்தனை பாகை, எத்தனை நிமிசம் எண்டு பதியிற சின்னப் பெட்டி ஒண்டு இருக்கு, அதுக்குத் தனி பட்டரி. பார்த்தேன், அண்டைக்கி உலை ஓடினதா ஒண்டுமே பதியல்ல.

சேர் வந்து தானும் தொட்டுப் பார்த்தவர். முகம் வெளுத்திச்சி. ஆனா எல்லாருக்கும் முன்னால, நான் உலையைப் போட்டுட்டுப் போய் இப்ப கதை அளக்குறேனாம். பொறகு என்னைத் தனியாக் கூப்பிட்டார்.

"பதிவுப் புத்தகத்துல உலை ஓடினது எண்டு எழுதுங்க. இல்லாட்டி உங்கட பட்டத்தை மறந்திருங்க."

எழுதினேன். அவர் மேல ஆத்திரம், என் மேல அதை விட ஆத்திரம். அறுநூறு பாகை எண்டு எழுதி, நிமிசத்துக்கு மனசுல வந்த ஒரு எண்ணை, நாப்பத்தி மூணு எண்டு கிறுக்கினேன்.

வீட்ட போக முந்தி அந்தப் பெட்டியைத் திரும்பப் பார்த்தேன். ஜும்ஆ நேரம். அறுநூறு பாகை. நாப்பத்தி மூணு நிமிசம்.

இப்ப சேர் அதைக் காட்டிக் காட்டி என்னைப் பொய்க்காரி எண்டு சொல்லுறார். அந்த நாப்பத்தி மூணு என்ட தலைக்குள்ள இருந்து வந்தது எண்டு எனக்கு மட்டும்தான் தெரியும்.