ஒரே கோரில் நின்ற பில்கள்

செம்பியன் வேலையை விட்டுக் கிளம்பியது விஜயதசமியன்று. முந்தின நாள் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு கடையின் சர்வர் கணினிப் பெட்டியில் அப்படியே இருந்தது. ஜெர்மனிக்கு விமானம் பிடிக்கும் அவசரத்தில் நோராவிடம் சாவியைக் கொடுத்து, எல்லாம் தானாக ஓடும், பயப்படாதே என்று சொல்லிப் போனான்.

நோரா சாந்தோம்காரி. தியாகராய நகரில் ஐந்து மாடி ஜவுளிக்கடையின் கணினிகளை இனி அவள் ஒருத்தியே பார்க்க வேண்டும். தீபாவளிக் கூட்டம் ஏற ஏற, பில் போடுவது இழுத்தது. மாடி மேலாளர் பொன்ராஜ் அடிக்கடி வந்து பின்னால் நின்றார். மதியச் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு அவள் சர்வரைத் துருவினாள்.

சர்வருக்குள் வேலை செய்யும் மூளைகள், கோர் என்பார்கள், எட்டு இருந்தன. எட்டு கல்லாவிலும் ஆள் இருக்க, கூட்டம் ஒரே கல்லாவில் முட்டிக்கொண்டு நிற்பதுபோல் பில் வேலை மொத்தமும் முதல் கோரில் குவிந்து கிடந்தது. மற்ற ஏழும் சும்மா. செம்பியன்தான் அப்படிக் கட்டிவைத்திருந்தான். ஏன் என்று வாட்ஸ்அப்பில் கேட்டாள். பதில் இல்லை. பொன்ராஜ் மறுபடி வந்து நின்றதும் கட்டை அவிழ்த்துவிட்டாள்.

பில்கள் பறந்தன. பொன்ராஜ் அவளுக்கு ரோஸ்மில்க் அனுப்பினார். அதைக் குடித்து முடிக்குமுன் கீழே டெலிவரி கவுண்டரில் சத்தம்.

அந்தக் கடையில் பணம் கட்டினால் பில் மட்டும்தான் கைக்கு வரும். துணி தனியே இறங்கி வரும். நம்பரைக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். கண்ணகி நகர் முனியம்மாள் மகளின் முகூர்த்தப் புடவைக்காகக் காத்திருந்தாள். வந்ததோ குழந்தைகளின் கவுன்கள். இரண்டு கோர்கள் ஒரே நேரத்தில் அடுத்த நம்பரைப் பார்த்து, இரண்டு பில்லுக்கும் அதையே போட்டிருந்தன. கீழே ஓடிவந்து கவுண்டரில் பில் பட்டியலைப் பார்த்தபோதுதான் நோராவுக்கு அது புரிந்தது.

“இன்னா பாப்பா, எம்பொண்ணு இந்தக் கவுன மாட்டிகினு மணவறைல குந்தணுமா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முனியம்மாள் சிரிக்கவில்லை. நாளை மறுநாள் கல்யாணம்; இன்றே தையல்காரரிடம் கொடுத்தால்தான் ஜாக்கெட். வேறு புடவை தருகிறேன் என்றார் பொன்ராஜ். மாப்பிள்ளை வீட்டார் பார்த்து எடுத்த புடவை, மாற்றிக் கொண்டுபோனால் பேச்சு வரும் என்றாள் அவள்.

மேலே ஓடி, பில்களை மறுபடி ஒரே கோரில் கட்டிவிட்டு, கவுண்டருக்கு இறங்கி வந்து, அதே நம்பருள்ள மற்ற பில்லில் இருந்த ஹாஜிரா பீயின் செல்லுக்கு அடித்தாள் நோரா. மணி போனது; எடுக்கவில்லை. ஊருக்கு ரயில் ஏறிவிட்டாளோ? இன்னும் எத்தனை பேருக்கு மாறியதோ? முனியம்மாள் பக்கத்தில் தரையில் குந்தி, செல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோரா அடித்துக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் ஹாஜிரா பீயே கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். பஸ்ஸில் பையைப் பிரித்துப் பார்த்து, சைதாப்பேட்டையில் இறங்கித் திரும்பியிருக்கிறாள்.

“கல்யாணப் பொடவைம்மா இது. யாரு வயித்துல நெருப்பக் கட்டிக்கினு நிக்கிறாங்களோன்னு ஓடியாந்தேன்.”

முனியம்மாள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நோராவைத் திரும்பிப் பாராமல் புடவையோடு தையல்காரரிடம் ஓடினாள்.

ஒரு நேரத்தில் ஒரு பில் மட்டுமே நம்பர் எடுக்கும்படி நோரா மாற்றி எழுதி முடிக்கப் பொங்கல் ஆனது. அதன் பிறகே எட்டு கோர்களையும் திறந்தாள். அப்போதும் கவுண்டரில் யாராவது குரல் உயர்த்தினால் நம்பரைச் சரிபார்க்க ஓடுவாள்.

ஆடித் தள்ளுபடி நடக்கும்போது செம்பியனின் பதில் வந்தது: “ரெண்டு பில்லுக்கு ஒரே நம்பர் வந்துச்சு. ஏன்னு எனக்குக் கடைசி வரைக்கும் புரியல. அதான் கட்டி வெச்சேன். உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு.”