கணக்கில் சேராத கட்லட்

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனாலும் என் கணவருக்கு மோல் பின்னத்தை விளங்க வைத்தவள் நான்தான். அதை அவரே ஒத்துக்கொண்டிருக்கிறார், ஒரே ஒரு தடவை.

எழுபதுகளில், நாங்கள் ஊரைவிட்டுக் குடிவந்த செவன் ஹில்ஸில், ஒரு பெயின்ற் தொழிற்சாலையில் அவருக்கு டிரம் கழுவும் வேலை. கையெல்லாம் வெடித்துப்போய் இருக்கும். ஒரு சோதனை பாஸ் பண்ணினால் உள்ளே லாப்பில் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஊரில் கந்தோரில் கிளாக்காக இருந்த மனிதர், கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இரசாயனம் படிக்கத் தொடங்கினார். உரத்துப் படித்தால்தான் அவருக்கு மண்டையில் ஏறும். அதனால் நானும் படித்தேன், வெங்காயம் உரித்தபடி.

மோல் என்றால் டசின் மாதிரி ஓர் எண்ணிக்கையாம், ஆனால் மகா பெரிசாம். ஒரு கலவையில் இருக்கிற மோல் எல்லாவற்றிலும் ஒரு சாமானின் பங்கு எவ்வளவு என்பதுதான் மோல் பின்னம். ஒரு மோல் ஸ்பிரிட், நாலு மோல் தண்ணீர். ஸ்பிரிட்டின் பங்கென்ன? அவருக்கு நாலில் ஒன்று வந்தது. புத்தகத்தில் ஐந்தில் ஒன்று.

"புத்தகம் பிழை," என்றார்.

மூன்று நாளாகப் புத்தகம்தான் பிழை.

சோதனைக்கு முதல் நாள் அவருடைய கூட்டாளிகள் மூன்று பேர் சாப்பிட வந்தார்கள். அவரோடு நாலு பேர். ஆளுக்கு இரண்டாக எட்டு கட்லட் பொரித்தேன். தண்ணீர் எடுக்கக் குசினிக்குள் வந்த என் கணவர், நான் வெறும் பாண் துண்டைச் சம்பலோடு தின்றுகொண்டிருப்பதைக் கண்டார்.

"உமக்குக் கட்லட் எங்கை?"

"நாலு பேருக்கெண்டு எண்ணிப் பொரிச்சனான். என்னை எண்ண மறந்துபோனன்."

"வீட்டிலை அஞ்சு பேரெல்லே. இது என்ன கணக்கு?"

"உங்கடை கணக்குத்தான். அந்த ஸ்பிரிட்டும் என்னைப் போலைதான். போத்திலுக்கை கிடந்தும் எண்ணிக்கையிலை இல்லை."

தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக மடித்து எண்ணினார்.

"ஓம், அதையும் கூட்ட வேணும்," என்றார் மெதுவாக. பிறகு, "அவங்களுக்குச் சொல்லிப்போடாதையும்."

சோதனையில் அதே மாதிரிக் கணக்கு வந்ததாம். வெள்ளைக் கோட்டோடு வீட்டுக்கு வந்தவர், கூட்டாளிகளையும் கூட்டி வந்தார். பத்து கட்லட் பொரித்தேன். என் இரண்டையும் தின்று முடித்துவிட்டுத்தான் அவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டேன்.