பங்கா ஆடிய மாடி அறை

ஜூன் பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை ஒரு பழைய பங்களாவுக்குப் போனேன். ஊர் சுற்றும் ஆசையில் அல்ல, தங்கை மாலதிக்காக. ஜூரோங் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவள், ஆட்குறைப்பில் வேலை போய் ஆறு மாதமாக வீட்டில் இருந்தாள். இப்போது அருங்காட்சியகமாகிவிட்ட அந்தப் பழைய பங்களாவில் வழிகாட்டி வேலை கிடைத்திருந்தது. அன்று மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"முந்தி இருந்த ரெண்டு பேரும் ஒரு மாசம்கூட நிக்கலயாம்க்கா. நீயும் வந்து பாரு."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று கிண்டலடித்துக்கொண்டே கிளம்பினேன்.

தேக்கா சந்தையில் தோசை சாப்பிட்டுவிட்டு டாக்சி பிடித்தோம். இருபது நிமிடம், கட்டணம் பதினாறு வெள்ளி, அதாவது பதினாறு டாலர். இடத்தைச் சொன்னதும் தமிழ் ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "கேட்டுலயே இறக்கி விட்டுடறேன் லா, உள்ள வரமாட்டேன்."

ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரை குடும்பம் வாழ்ந்த வீடு. நுழைவுச்சீட்டு பன்னிரண்டு வெள்ளி. கீழே பியானோ, பீங்கான் தட்டுகள், துரைசானியின் தொப்பிகள். எல்லாம் அழகுதான். மாடிப் படுக்கையறையில் சன்னல்கள் மூடியிருந்தன, புழுக்கம் தாங்கவில்லை. கட்டிலுக்கு மேலே பங்கா தொங்கியது. மின்விசிறி வருவதற்கு முன் ஆள் கயிறு இழுத்து ஆட்டிய துணி விசிறி அது. கயிறு சுவர்த் துளை வழியாகப் பின்பக்க நடைக்குப் போகிறது.

என் பிடரியில் காற்று பட்டது. நிமிர்ந்தேன். பங்கா ஆடிக்கொண்டிருந்தது. கயிறு இறுகித் தளர்ந்து இறுகியது.

மாலதி பின்நடைக்கு ஓடினாள், நானும் பின்னால் போனேன். அங்கே ஒரு முக்காலி மட்டும் இருந்தது. ஆள் இல்லை. கயிற்றின் நுனி மேலும் கீழும் போய்வந்தது.

அவள் முகம் வெளிறிப்போனது. ஆனால் தொழிற்சாலையில் ஆட்களைச் சாப்பாட்டுக்கு அனுப்பும் அந்தப் பழைய குரல் மட்டும் எப்படியோ வந்துவிட்டது.

"அண்ணே, மணி ஒண்ணாச்சு. போதும், போய்ச் சாப்பிடுங்க."

கயிறு தொய்ந்தது. பங்கா மெல்ல நின்றது. எனக்குப் பயத்தைவிட அழுகைதான் வந்தது. அந்த வீட்டில் கயிறு இழுத்தவரிடம் யாராவது அதை முன்பு சொல்லியிருப்பார்களா?

மாலதி அன்றே வேலைக்குச் சம்மதித்தாள்.

போக நினைப்பவர்களுக்கு: திங்கள் விடுமுறை. செருப்பைக் கழற்ற வேண்டும், காலுறை கொண்டு போங்கள். பகல் ஒன்றிலிருந்து இரண்டு வரை மாடி அறை பூட்டியிருக்கும், பராமரிப்பு என்று பலகை தொங்கும். மாலதி மாட்டிய பலகை அது. கதவைத் தட்டாதீர்கள், அவர் சாப்பிட்டுவிட்டு வரட்டும்.