வலப்பக்கம்

"மின்னல் ஏதும் அடிக்குதா?"

பல் துலக்குவதற்கு முன்பே மனைவியின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக் கேட்டுவிடுவார் வேன்காரர்.

"இல்ல."

"கொசு மாதிரி ஏதாச்சும் பறக்குதா?"

"நீங்கதான் கொசுவாட்டம் காதுகிட்ட ரீங்காரம் போடுறீங்க. காபியக் குடிங்க."

தையல் ஆலைப் பெண்களை வேனில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவர். ஹாரன் அடிக்க மாட்டார். "காதுல விழுந்தா மட்டும் ஒதுங்கிடப் போறானா?" என்பார். வலக்கண்ணில் புரை எடுத்தபோது ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்: "வீட்டுச் சுவரு வெள்ளையாமே! நான் இத்தனை நாளா மஞ்சள்னு நெனச்சேன்."

கண்ணுக்குள் மின்னல் தெரிந்தாலோ, கரும்புள்ளி பறந்தாலோ, ஓரத்தில் திரை விழுந்தாலோ அன்றைக்கே வரவேண்டும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். சில மாதம் கழித்து மின்னல் வந்தது. "உள்ள எவனோ வெல்டிங் பண்றான்" என்று சிரித்து மழுப்பினார். வாயைத் திறந்தால் வேனைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். வலது ஓரத்தில் நிழல் ஏறியது. கழுத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டினார்.

ஒரு நாள் வளைவில் பெண்கள் அலறினார்கள். பிரேக்கை மிதித்தார். வலப்பக்கம் வந்த சைக்கிள்காரர் முட்டி பெயர்ந்து தரையில் கிடந்தார். வேன்காரர் சாவியை எடுத்து முன்சீட்டுப் பெண்ணின் கையில் வைத்தார்.

"வேற ஆள வரச்சொல்லும்மா. எனக்கு அந்தப் பக்கமே இல்ல."

விழித்திரை முக்கால்வாசி பிய்ந்திருந்தது. உடனே ஆபரேஷன் செய்தார்கள். கண்ணுக்குள் வாயுவை நிரப்பி, நாள்கணக்கில் குப்புறப் படுக்க வைத்தார்கள். ஒட்டவில்லை. "மின்னல் வந்தப்பவே வந்திருந்தா..." என்று டாக்டர் இழுத்தார்.

"நீங்க சொன்னீங்க சார். நான்தான் மதிக்கல."

அந்தக் கண்ணுக்கு இப்போது பகலும் இரவும் மட்டுமே தெரியும். ஆலைக் கிடங்கில் உட்கார்ந்து அட்டைப்பெட்டி மடிக்கிறார்.

மனைவிக்கும் புரை வந்தபோது, "ஒரு வீட்டுக்கு ஒரு குருடு போதும்" என்று தடுத்துக்கொண்டே இருந்தார். அந்த அம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் செய்துகொண்டு வந்தார். அன்றிலிருந்துதான் இந்தக் காலை விசாரணை.

போன வாரம் துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவி, "நூல் மாதிரி என்னவோ மிதக்குதுங்க" என்றார். வேன்காரர் கதவைக்கூடப் பூட்டவில்லை. இழுத்துக்கொண்டு ஓடினார். டாக்டர் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்தார்.

"விழித்திரை நல்லாருக்கு. வயசானா இப்படி மிதக்கும்."

"இன்னொரு தடவ பாத்துருங்க சார்."

பார்த்தார். அதே பதில்தான்.

வெளியே வந்ததும் மருந்து விட்ட கண் வெயிலில் கூசியது. அந்த அம்மாள் அப்படியே நின்றுவிட்டார். வேன்காரர் இடது உள்ளங்கையை அவர் நெற்றிமேல் குடைபோலக் கவிழ்த்தார். மறுகையால் தன் வலப்பக்கத்துச் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார்.