காருக்குக் காவல் நின்றவர்

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு யாழ்ப்பாணத்தைச் சுற்றிக் காட்டுவதில் இராசநாயகத்தை மிஞ்ச ஆளில்லை என்று அறுபதுகளின் தொடக்கத்தில் பட்டினத்தில் எல்லோரும் சொல்வார்கள். அரியாலைச் சோமசேகரம் முதலாளியின் கறுப்பு ஒஸ்ரின் காரை அவர் ஓட்டினார். வெள்ளைச் சேட்டு, நெற்றியில் மெல்லிய திருநீற்றுக் கீற்று, அளந்த பேச்சு. கோட்டை, சங்கிலித் தோப்பு வளைவு, மந்திரிமனை, யமுனா ஏரி என்று கூட்டிப் போவார். கதவைத் திறந்துவிட்டு, வந்தவர் நின்று ஆறுதலாகப் பார்த்து முடிக்கும்வரை வாய் திறக்க மாட்டார். அதன் பிறகுதான் எந்த அரசன், எந்தப் போர், எந்தக் கல் எங்கே பெயர்த்துப் போகப்பட்டது என்று சொல்லத் தொடங்குவார்.

கோயில்களைப் பற்றியும் அப்படியே சொல்வார். உள்வீதியில் எந்தத் தூணில் என்ன சிற்பம், எந்தச் சந்நிதிக்கு முன் எத்தனை விளக்கு என்று கேட்பவருக்குக் கண்ணில் தெரியும்படி சொல்வார். ஆனால் உள்ளே மட்டும் வரமாட்டார்.

"நீங்கள் போட்டு வாங்கோ. காருக்கு ஒரு ஆள் நிக்கவேணும்" என்பார்.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கார் களவு போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் அவர் சொன்னதை நான் ஒருநாளும் யோசித்துப் பார்க்கவில்லை.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பட்டினத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டார் யாராவது வந்தால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடுவார்கள். அப்படி நாலைந்து தடவை இராசநாயகத்தின் காரில் போயிருக்கிறேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் அவரை "அண்ணை" என்றுதான் கூப்பிடுவேன்.

அறுபத்திரண்டாம் ஆண்டு ஆவணி மாதம் வியட்நாமிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். பெயர் லான். ஹுவே என்ற பழைய அரச நகரத்தில் சரித்திர ஆசிரியை. கொழும்பில் நடந்த ஒரு பௌத்த ஆசிரியர் கூட்டத்துக்கு வந்தவர், நயினாதீவு விகாரையைக் கும்பிட்டுவிட்டு, எங்கள் அரசர்கள் இருந்த ஊரையும் ஒரு நாள் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம்.

யமுனா ஏரிக் கரையில் அவர் நெடுநேரம் நின்றார். பாசி பிடித்த படிக்கட்டைப் பார்த்தபடி தன் ஊரைப் பற்றிச் சொன்னார். ஹுவே அரண்மனைக்கு ஐந்து வாசல்கள். நடு வாசல் அரசருக்கு மட்டும். அதன் இரு பக்கமும் அதிகாரிகளுக்கு. கடைசி இரண்டும் சேவகருக்கும் யானைக்கும். அவருடைய பாட்டனார் அந்தக் கோட்டை மதில்களைப் பூசிய மேசன். தான் பூசிய மதிலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாமலே அவர் செத்துப் போனாராம்.

"அரசர் முடி துறந்த பிறகு என் அப்பா நடு வாசலால் நடந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாராம். நீங்கள் இருவரும் ஹுவேக்கு வாருங்கள். இதேபோல ஒரு கார் பிடித்து நான் உங்களைக் கூட்டிப் போகிறேன். நடு வாசலால் போவோம்."

இதை நான் தமிழில் சொன்னபோது இராசநாயகம் சிரிக்கவில்லை. ஏரித் தண்ணீரைப் பார்த்தபடி, "மேசனோ?" என்று மட்டும் கேட்டார்.

மத்தியானத்துக்கு முன் வலிகாமத்துக் கோயில் ஒன்றுக்குப் போனோம். பெயர் வேண்டாம். அன்று திருவிழா. வழக்கம்போல இராசநாயகம் காருக்குக் காவல் நின்றார். லான் அம்மையாரை நான் உள்ளே கூட்டிப் போனேன். வெளிநாட்டுக்காரி, வேறு சமயம். ஆனாலும் அவரை யாரும் மறிக்கவில்லை. ஒரு ஐயர் சிரித்த முகத்தோடு பூவும் கொடுத்தார்.

வெளியே வந்து காரடிக்கு வந்தபோது லான் அம்மையார் நின்றுவிட்டார். தேர் நிறுத்துகிற முட்டிக்கு அப்பால், தெருவின் மறுகரையில், வெயிலில் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். கைகளைத் தலைக்குமேல் குவித்துக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"யார் அவர்கள்? ஏன் உள்ளே வரவில்லை?"

எனக்குப் பதில் தெரியும். யாழ்ப்பாணத்தில் யாருக்குத்தான் தெரியாது? அவர்களைத் தாழ்ந்த சாதி என்று ஒதுக்கிக் கோயிலுக்குள் விடுவதில்லை. ஆனால் வெளிநாட்டு மனிதருக்கு முன்னால் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அதனால் பொறுப்பை மற்றவர் தலையில் போட்டேன்.

"என்னண்ணை சொல்லுறது?" என்று இராசநாயகத்தைக் கேட்டேன்.

அவர் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தாமலே சொன்னார்.

"பிச்சைக்காரர் எண்டு சொல்லுங்கோ, மாஸ்ரர்."

நான் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

லான் அம்மையார் கைப்பையைத் திறந்தார். நான் தடுக்க முன்னமே தெருவைக் கடந்து போய்விட்டார். நானும் பின்னால் போனேன். முன்னுக்கு நின்ற ஒரு பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். சாயம் போன நீலச் சேலை, தோட்டத்தில் வேலை செய்து கறுத்த கை. கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மையார் அவருடைய முழங்கையை மெதுவாகத் தொட்டு, கையைத் தாழ்த்தி, உள்ளங்கையில் ஒரு ரூபாய்த் தாளை வைத்தார்.

அந்தப் பெண் கண்ணைத் திறந்து தாளைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, எங்களுக்கு அப்பால் காரைப் பார்த்தார். காரோடு நின்ற இராசநாயகத்தைப் பார்த்தார். கோபித்துத் திருப்பி எறிவார் என்று நான் நினைத்தேன். அவர் கையை மூடிக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் கார் மூன்று தடவை நின்றுபோனது. இராசநாயகத்துக்கு கியர் விழவில்லை. அந்த வருஷங்களில் அவர் அப்படிக் கார் ஓட்டி நான் பார்த்ததில்லை. வெயில் காரணமாக இருக்கும் என்று நினைத்தேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை காலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். விறாந்தையில் கதிரை போட்டு இருத்தினேன். அம்மா பித்தளை மூக்குப்பேணியில் தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடித்துவிட்டு அவர் கேட்டார்.

"மாஸ்ரர், அந்த அம்மாவின்ரை விலாசம் உங்களிட்டை இருக்கோ? ஒரு கடிதம் எழுதவேணும்."

"இருக்கு. என்ன விஷயம் அண்ணை?"

"அண்டைக்குக் காசு வாங்கினது என்ரை அக்கா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். ஊர் பண்டத்தரிப்புக்கு அப்பால். தாய் தகப்பன் இல்லை. அக்கா நாகம்மா மற்றவர்களின் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நின்று அவரை வளர்த்தவர். பிறப்புப் பதிவில் அவருடைய பெயர் வெறும் இராசன். அந்தச் சாதிக்கு அவ்வளவு பெயர் போதும் என்று பதிந்தவர் நினைத்துவிட்டார். கொழும்புக்குப் போய்க் கார் ஓட்டப் பழகியபோது 'நாயகம்' என்பதைத் தானே சேர்த்துக்கொண்டார். திரும்பி வந்து சோமசேகரம் முதலாளியிடம் வேலை கேட்டபோது முதலாளி ஊரைக் கேட்டார், சாதியைக் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. கோயிலின் உள்வீதி பற்றியெல்லாம் அவர் சொன்னது, போய்விட்டு வந்த சவாரிக்காரர் காரில் கதைத்ததைக் கேட்டுச் சொன்னதுதான். மாதத்தில் ஒரு ஞாயிறு அக்காவிடம் போவார். தெரிந்தவர் கண்ணில் படாமலிருக்க ஒரு தரிப்பு முன்னதாகவே பஸ்ஸைவிட்டு இறங்கி நடப்பார்.

"போன ஞாயிறு போனனான். வழமை மாதிரித்தான் சோறு போட்டவ. கோப்பைக்குப் பக்கத்திலை அந்த ரூபாயை வைச்சா. 'உன்ரை காரிலை வந்த அம்மா தந்தது. அவவிட்டைக் குடுத்துவிடு' எண்டா. வேறை ஒண்டும் கேக்கேல்லை, மாஸ்ரர். ஒண்டும் கேக்கேல்லை. ஏசியிருந்தாலாவது நான் திண்டிருப்பன்."

அவர் அழுதார். "அண்ணை, அழாதேங்கோ" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அண்ணை என்ற சொல் வரவில்லை. பத்து நிமிஷத்துக்கு முன் வந்த சொல்.  "அழாதேங்கோ" என்று மட்டும் சொன்னேன். அண்ணை விடுபட்டது அவருக்குக் கேட்டிருக்கும்.

உள்ளேயிருந்து அம்மாவும் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். வந்து, மூக்குப்பேணியை ஒரு சீலைத் துண்டால் பிடித்து எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். சாம்பலும் புளியும் போட்டு அதை உரசுகிற சத்தம் விறாந்தைக்குக் கேட்டது. இராசநாயகம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நான் எழுந்துபோய் அம்மாவை நிறுத்தியிருக்கலாம். கடிதத்துக்குத் தாள் தேடுகிற சாட்டில் அறைக்குள் போய் நின்றேன்.

கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். 'நான் சொன்னது பொய். அவர்கள் பிச்சைக்காரர் அல்லர். அவர்களை உள்ளே விடுவதில்லை. நானும் அவர்களில் ஒருவன். நீங்கள் காசு கொடுத்தது என் அக்காவுக்கு.' ரூபாய்த் தாளையும் மடித்து உள்ளே வைத்தோம். கையெழுத்துப் போடும்போது இராசநாயகம் என்று எழுதிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். வெட்டவில்லை, அப்படியே விட்டார்.

மூன்று மாதம் கழித்து என் விலாசத்துக்குப் பதில் வந்தது. அறியாமல் செய்ததற்காக அக்காவிடம் மன்னிப்புக் கேட்டு லான் அம்மையார் எழுதியிருந்தார். நான் தமிழில் எழுதிக் கொடுக்க, இராசநாயகம் அதைக் கொண்டுபோய் அக்காவுக்கு வாசித்துக் காட்டினார். நாகம்மா என்ன சொன்னார் என்று பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார்.

"'அவ ஏன் மன்னிப்புக் கேக்கிறா? அவவுக்குத் தெரியாது. தெரிஞ்சவன் நீயெல்லோ' எண்டு கேட்டா. 'ஓம் அக்கா' எண்டன்."

அக்கா அப்படிக் கேட்ட அடுத்த கிழமையே அவர் முதலாளியிடம் உண்மையைச் சொன்னார். சோமசேகரம் சத்தம் போடவில்லையாம். "எங்கடை வீட்டுக் கதிரையிலை இருந்தெல்லோ சாப்பிட்டனி" என்று இரண்டு தடவை சொன்னாராம். பிறகு கார்த் திறப்பை மேசையில் வைக்கச் சொன்னாராம். மறுநாள் அந்த ஒஸ்ரினை உள்ளும் புறமும் கழுவுவதை அரியாலை றோட்டால் போனவர்கள் எல்லோரும் கண்டார்கள்.

அதன்பிறகு வல்வெட்டித்துறையில் மீன் லொறி ஓட்டினார். அறுபத்தெட்டில் கோயில்களைத் திறக்கச் சொல்லி வாசல்களில் மறியல் நடந்தபோது அவர் முதல் வரிசையில் இருந்தார். கல்லெறி விழுந்து இடது புருவம் பிளந்தது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். கட்டிலடியில் நாகம்மா இருந்தார். என்னை அவருக்கு ஞாபகம் இருந்தது. "மாஸ்ரருக்கு இடம் விடு" என்று தம்பியின் காலை நகர்த்தி, என்னைக் கட்டிலில் இருக்கச் சொன்னார். அன்று ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைச் சொன்னவன் நான் என்று அவருக்குத் தெரியுமோ என்னவோ. நான் கேட்கவில்லை. சொல்லவுமில்லை.

சில வருஷங்களில் அந்த வலிகாமத்துக் கோயில் வாசலும் திறந்தது. நாகம்மா ஒரு தடவை உள்ளே போனார். எப்படி இருந்தது என்று தம்பி கேட்டதற்கு, "உள்ளை சரியான வெக்கை" என்றாராம். எழுபத்தாறில் காய்ச்சலில் காலமானார்.

இராசநாயகம் பிறகு ஒரு பழைய மொறிஸ் மைனர் வாங்கினார். தன் பெயரில் ஓட்டினார். எழுபத்தொன்பதில் கொழும்பிலிருந்து வந்த என் மச்சாள் பத்மாவதிக்கு ஊரைக் காட்ட அவரைத்தான் கூப்பிட்டேன். கோட்டை, தோப்பு வளைவு, மந்திரிமனை எல்லாம் முடித்து அந்தக் கோயில் தெருவுக்கு வந்தோம். அவர் காரை நிறுத்திவிட்டு, தெருவின் மறுகரையைக் காட்டினார்.

"இதிலைதான் எங்களை நிப்பாட்டி வைச்சிருந்தவை. என்ரை அக்காவும் நிண்டவ. ஒரு வெளிநாட்டு அம்மா வந்து ஆரெண்டு கேக்க, நான் பிச்சைக்காரர் எண்டு சொன்னனான்."

வருகிற சவாரிக்காரர் எல்லோரிடமும் அவர் இதைச் சொல்வதாகக் கேள்விப்பட்டிருந்தேன். சிலர் அதோடு இறங்கிப் போய்விடுவார்களாம். பத்மாவதி முகத்தைச் சுளித்துக்கொண்டு என் காதடியில், "இதையெல்லாம் ஏன் இவர் எங்களுக்குச் சொல்லுறார்?" என்று கேட்டாள்.

அவர் தன்னைப் பற்றி மட்டுமே சொல்லியிருந்தார். என் பெயர் அதில் இல்லை. இத்தனை வருஷமாக எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார், ஒருவரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை. அதை நினைக்க எனக்கு முகம் எரிந்தது.

"அதை அந்த அம்மாவுக்கு இங்கிலீசிலை சொன்னது நான்" என்றேன். "அவர் தன்ரை பயத்திலை சொன்னவர். எனக்கு ஒரு பயமும் இல்லை. தெரிஞ்சுகொண்டுதான் சொன்னனான்."

 காருக்குள் பெற்றோல் வாசமும் வெக்கையும் கனத்தன. இராசநாயகம் திரும்பி என்னைப் பார்த்தார். புருவத்தில் தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

"அண்ணை," என்றேன். பதினேழு வருஷத்துக்குப் பிறகு வந்த சொல்.

"வெயில் ஏறுது, மாஸ்ரர். தங்கச்சி கீரிமலைக் கேணியிலை குளிக்கிறதெண்டால் இப்ப போனால்தான் சரி" என்று சொல்லிவிட்டு அவர் காரை எடுத்தார்.