கண்ணாடிப் பெட்டிக்குள் நான் தைத்த ஷூ

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக மேல்தோல் தைக்கிறேன். தைத்தது உடனே அடுத்த லைனுக்குப் போய்விடும்; முழு ஷூவானதும் எப்படி நிற்கிறது என்று நிதானமாகப் பார்த்ததே இல்லை. போன வருடம் முன் ஆபீசில் புதிதாக ஒரு ஷோகேஸ் வைத்தார்கள். நாலு பக்கமும் கண்ணாடி, உள்ளே விளக்கு. ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையர் அம்மா வருகிற அன்று, நான் தைத்த லேடீஸ் ஷூவை அதில் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். சாம்பிள் என்பதால் ஒற்றைக்கால்தான். மெல்லிசான ஆட்டுத்தோல், ஊசி கொஞ்சம் தப்பினாலும் கிழிந்துவிடும்.

எனக்கு மெஷினில் உட்காரவே முடியவில்லை. ஆனால் தைக்கிறவர்கள் முன் ஆபீசுக்குள் போகக் கூடாது. கண்ணாடி துடைக்கிற அக்காவைப் பிடித்தேன்.

"அக்கா, இன்னிக்கு நான் தொடைக்கிறேன். துணியக் குடு."

"மேனேஜர் பார்த்தா திட்டுவாருடி!"

"அஞ்சு நிமிஷம்தான்க்கா. பாத்துட்டு ஓடி வந்துர்றேன்."

உள்ளே போனேன். அடேயப்பா! அந்த வெளிச்சத்தில், நான் தைத்ததுதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. தனியாகச் சிரித்தேன். துடைத்துக்கொண்டே பின்பக்கம் போனால், குதிகாலில் ஒரு நூல் பிசிறு! பையர் கண்ணில் பட்டால் என் பீஸ் ரிஜெக்ட். ஆர்டரும் கோவிந்தா. பெட்டியோ பூட்டியிருந்தது, சாவி மேனேஜரிடம்.

பக்கத்து அறைக்கு ஓடினேன்.

"நீ இங்க இன்னா பண்ற?" என்று மேனேஜர் கத்தினார்.

"அப்புறம் திட்டுங்க சார், மொதல்ல பெட்டியத் தொறங்க! நூல் நீட்டிக்கினு இருக்கு!"

அலறி அடித்துக்கொண்டு வந்து திறந்தார். பிசிறு பொசுக்க எப்போதும் இடுப்பில் வைத்திருக்கும் லைட்டரை எடுத்தேன். ஒரு நொடி காட்டி, விரலால் தேய்த்துவிட்டேன். ஷூவைத் திரும்ப உள்ளே வைக்கப் போகும்போது பையர் அம்மா வந்துவிட்டார்.

என் கையிலிருந்தே அதை வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். குதிகாலைத் தடவினார். எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு என்னைக் காட்டி இங்கிலீஷில் ஏதோ கேட்டார். மேனேஜர் "யெஸ், யெஸ்" என்றார். அந்த அம்மாவுக்கு ஒரே சிரிப்பு! ஷூவை அவரே பெட்டிக்குள் வைத்தார். அதனடியில் வெறும் நம்பர் எழுதியிருந்த அட்டையை எடுத்து, தன் பேனாவோடு மேனேஜரிடம் நீட்டி, மறுபடி என்னைக் காட்டினார்.

மேனேஜர் பேனாவைத் திறந்தபடி என்னைப் பார்த்தார்.

"உன் பேரு இன்னாமா?"

பன்னிரண்டு வருடம்! கோபம் வந்தது, சந்தோஷம் அதைவிட ஜாஸ்தி. தையல் லைன் வரைக்கும் கேட்கிற மாதிரி, இனிஷியலோடு சேர்த்துச் சொன்னேன்.